புரையேறும் பாலும் புரியாத மொழியும்

உணவருந்தும்போது ஒருவருக்குப் புரையேறினால் உச்சந்தலையில் மெல்லத் தட்டி, “ஆரோ நினைக்கினம்” என்று சொல்வது தமிழர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நிலவிவரும் வழக்கம். உறவுகள் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலுமாகச் சிதறிக் கிடக்கும் புலம்பெயர் வாழ்வில் அந்தச் சொல்லுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. கடல் கடந்த ஊரில் எவரோ நினைக்கிறார்கள் என்று எண்ணுவது யாருக்குத்தான் இனிக்காது? ஆயின், ஆறு வாரக் குழந்தை ஒன்றுக்குச் சூப்பிப் போத்தலை வாயில் வைக்கும் ஒவ்வொரு முறையும் புரையேறுமாயின், அக்குழந்தையைப் பற்றி எவரும் சரியாக நினைக்கவில்லை என்பதே அதன் பொருள். அதன் பால் இரைப்பைக்குச் செல்லும் வழியை விட்டு நுரையீரலுக்குச் செல்லும் வழியை நாடுகின்றது. அந்நேரத்தில் உச்சியில் தட்டுவதும் ஊதுவதும் பின்னர் மீண்டும் போத்தலை வாயில் திணிப்பதும் அறியாமை. மருத்துவ வசதிகள் நிறைந்த நாடுகளில், பேருந்தில் பத்து நிமிடத் தொலைவில் குழந்தைகள் மருத்துவமனை அமைந்திருக்க, இவ்வறியாமை தொடருமாயின் அதற்குக் கடுமையான வேறொரு பெயர் உண்டு.

பால் குடித்தல் எளிய செயல் என்று பெரியவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் பிறந்த குழந்தை செய்யும் செயல்கள் அனைத்திலும் மிகக் கடினமானது அதுவே. உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், மூச்சுவிட வேண்டும். ஏறத்தாழ வினாடிக்கு ஒரு தடவை உறிஞ்சியவாறு, மூச்சுக்குழாயின் வாயில் மூடியிருக்கும் கணத்தில் மட்டும் பால் தொண்டையைக் கடக்கும்படி இம்மூன்றையும் இசைத்தாக வேண்டும். இவ்விசைவு கருவில் ஏறத்தாழ 34ஆவது வாரத்தை அண்மிக்கும்போதே முதிர்வடைகின்றது. 28 வாரத்திலோ 30 வாரத்திலோ பிறந்துவிட்ட குழந்தைக்கு மூக்கு வழியாகக் குழாய் மூலம் பால் கொடுப்பதன் காரணம் இதுதான். இதயக் குறைபாடுள்ள குழந்தை ஓடிக் களைத்தவரைப் போல மூச்சு வாங்குவதால் விழுங்குவதற்கு இடைவெளி காணாது தவிக்கும். டவுன் நோய்க்குறியுடன் பிறந்த குழந்தையின் நாவும் கன்னமும் தளர்ந்திருக்கும். அண்ணப்பிளவுள்ள குழந்தையால் வாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைத்து உறிஞ்சவே முடியாது. ஓட்டையுள்ள குழாயால் இளநீர் குடிக்க முயல்வதற்கு அது ஒப்பாகும். உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் சேர்ந்து ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் உலகெங்கும் காணப்படுகின்றன. இவை எவையும் எவருடைய பாவமுமன்று.

ஆயின் வீட்டில் வழங்கப்படும் தீர்ப்பு வேறு. “பிள்ளை கள்ளம் பண்ணுது.” “பால் குடிக்கப் பஞ்சி.” “நாவூறு பட்டிட்டுது.” இவற்றுக்கும் மேலாக, குழந்தையைப் பெற்று மூன்று வாரம்கூட ஆகாத தாயின் முகத்துக்கு நேரே, “உனக்குப் பால் காணாது.” முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு உறவினர் கூடும் மண்டபத்தில் குழந்தை கைமாறிக் கைமாறிச் செல்லும். நிறை பார்க்கும் தராசு இல்லாமலேயே ஒவ்வொருவரும் நிறை சொல்வர். “இன்னாற்ற பிள்ளை இந்த வயதிலை இரண்டு மடங்கு.” அன்றிரவு அந்தத் தாய் என்ன செய்வாள்? எப்படியாவது போத்தலைக் காலியாக்க முற்படுவாள். அத்தோடு குழந்தைக்கு ஆபத்து தொடங்குகின்றது.

வீட்டு வைத்தியத்தின் மூன்று கொடுமைகள்

முதலாவது, சூப்பியின் துளையைப் பெரிதாக்குதல். ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிச் சூப்பியில் குத்தும் வழக்கம் ஊரிலிருந்து விமானமேறி வந்து மேலைநாட்டுக் குசினிகளிலும் குடியேறிவிட்டது. பிள்ளை உறிஞ்சக் கஷ்டப்படுகின்றது, ஆகவே பால் தானாக வரட்டும் என்பது இதன் தருக்கம். உறிஞ்சத் தெரியாத குழந்தையின் தொண்டைக்குள் பால் வெள்ளமாகப் பாய்ந்தால் அது விழுங்கியாக வேண்டும், அல்லது மூச்சுத் திணறியாக வேண்டும். விழுங்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை குழந்தையிடமிருந்து பறிக்கப்படுகின்றது. விழுங்கற் குறைபாடுள்ள குழந்தைகள் பலருக்கு நிபுணர்கள் பரிந்துரைப்பது இதற்கு நேரெதிரானது: பால் மிக மெதுவாக வரும் சூப்பி.

இரண்டாவது, போத்தலுக்குள் றஸ்க், மாரி பிஸ்கற், அரிசிமா முதலியவற்றைக் கரைத்தல். “கட்டியாக இருந்தால் வயிற்றில் நிற்கும், இரவில் நித்திரை கொள்ளும்” என்பார்கள். பாலைத் தடிப்பாக்குதல் என்பது மருத்துவத்தில் உள்ள ஒரு முறைதான். எந்தக் குழந்தைக்கு, எந்த வயதில், எதனால், எவ்வளவு தடிப்பு என்று அளந்து, மருந்து கொடுப்பதைப் போலச் செய்யப்படுவது. அவ்வாறு அளந்து செய்தவர்களே அடிபட்ட வரலாறும் உண்டு. ‘சிம்ப்ளி திக்’ என்ற தடிப்பாக்கியைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாமென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011 மே மாதத்தில் எச்சரித்தது. அதைப் பெற்ற குழந்தைகள் சிலருக்குக் குடல் திசுக்கள் அழுகும் கொடிய நோய் ஏற்பட்டிருந்தது. 2012 செப்டெம்பரில் அவ்வெச்சரிக்கை எந்த வயதுக் கைக்குழந்தைக்கும் பொருந்துமென விரிவாக்கப்பட்டது. மருத்துவமனையின் கண்காணிப்பில் கொடுக்கப்பட்ட பொருளுக்கே இக்கதியெனில், தேக்கரண்டியால் கண்ணளவில் அள்ளிப் போடும் பிஸ்கற் தூளுக்கு யார் உத்தரவாதம்? அரிசியிலும் ஒரு சிக்கல் உண்டு. மண்ணிலுள்ள ஆசனிக்கை ஏனைய தானியங்களைவிட அதிகமாக உறிஞ்சும் பயிர் நெல். ஆகவேதான் குழந்தைகளுக்கான அரிசி உணவில் அசேதன ஆசனிக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று அதே நிர்வாகம் 2020இல் வரம்பு விதித்தது. நாள்தோறும் ஒவ்வொரு போத்தலிலும் அரிசிமாவைக் கரைப்போர் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. வலிந்து ஊட்டுதல். அழும் வாய்க்குள் போத்தலைத் திணித்தல். கன்னத்தை இரு விரலால் அழுத்தி வாயைத் திறத்தல். குழந்தை அரைத்தூக்கத்தில் எதிர்க்காது என்பதற்காகத் தூங்கும்போது ஊட்டுதல். தலையணையில் போத்தலைச் சாய்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குச் செல்லுதல். முகத்தைத் திருப்புதல், முதுகை வில்லாக வளைத்தல், விரல்களை விரித்து மிரளுதல், கண் கலங்குதல், மூச்சு ஈரமாகக் கரகரத்தல் ஆகிய இவையெல்லாம் பேச்சில்லாத உயிரின் பேச்சு. “போதும், மூச்சு வேண்டும்” என்பதே அதன் மொழிபெயர்ப்பு. அதனைக் கள்ளம் என்று மொழிபெயர்ப்பவர்கள், சில மாதங்களின் பின் போத்தலைக் கண்டாலே அலறும் குழந்தையை உருவாக்குகிறார்கள். அதன் பின் வாழ்நாள் முழுவதும் உணவோடு பகை.

தேனைப் பற்றியும் ஒரு சொல். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் சடங்கு இன்றும் சில குடும்பங்களில் நடைபெறுகின்றது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பற்றீரியாவின் வித்திகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கவல்லன என்பது 1976இலிருந்து அறியப்பட்ட செய்தி. அந்நோயின் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று எது தெரியுமா? நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை உறிஞ்சும் வலுவை இழத்தல், விழுங்க முடியாது போதல். பால் குடிக்க வேண்டுமென்று வைத்த தேனே பால் குடிப்பதைக் கெடுக்கும்.

“நாங்கள் வளரவில்லையா?”

இக்கேள்வி எழாத வீடில்லை. “உங்களை எல்லாம் இப்பிடித்தானே வளர்த்தனாங்கள், செத்தே போனியள்?” என்று அம்மம்மா கேட்கும்போது இளம் தாய் வாயடைத்துப் போகிறாள். இதற்குப் பதில் உண்டு. பிழைத்தவர்கள் மட்டுமே இக்கேள்வியைக் கேட்க உயிரோடு இருக்கிறார்கள். ஊரில் ஒவ்வொரு குடும்பத்திலும் “சளி பிடிச்சுச் செத்த” குழந்தை ஒன்றாவது பேச்சில் வந்து போகும். அவற்றுள் எத்தனை குழந்தைகளின் நுரையீரலில் இருந்தது பால் என்பதை எவரும் பார்த்ததில்லை. மேலும், 28 வாரத்தில் ஒரு கிலோ நிறையோடு பிறந்த குழந்தைக்கு அக்காலத்தில் ஊட்டும் சிக்கலே எழுந்ததில்லை. அது பெரும்பாலும் முதல் வாரத்தைத் தாண்டியதில்லை. இன்று அத்தகைய குழந்தைகள் உயிர் தப்பி வீட்டுக்கு வருகின்றன. அவற்றை வளர்த்த அனுபவம் எந்தப் பாட்டியிடமும் இல்லை. இல்லாத அனுபவத்தின் பெயரால் ஆணையிடுவது முதுமைக்கு அழகன்று.

எனினும் அந்த மூத்த தலைமுறையை இகழ்ந்து ஒதுக்குவதும் நேர்மையன்று. அவர்களுடைய அச்சத்துக்கு வரலாறு உண்டு. பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒரு பைக்கற் பால்மாவுக்காக வெயிலில் நின்றவர்கள் அவர்கள். 2009 ஏப்ரலில் பொக்கணையில் பால்மா பெற வரிசையில் நின்ற தாய்மாரும் குழந்தைகளும் எறிகணைக்கு இரையானதைச் செய்தியாகக் கேட்டு உறைந்தவர்கள். போத்தலில் மிஞ்சும் கால்பங்குப் பால் அவர்களுடைய கண்ணில் வெறும் மிச்சமன்று. குழந்தை மெலிவதைக் காணும்போது அவர்களுக்குள் எழுவது பசியின் நினைவு. அந்நினைவை மதிக்கலாம். அதனைக் குழந்தையின் தொண்டைக்குள் ஊற்றத்தான் கூடாது.

இன்னொரு பாரமும் தாயின் தலையில் ஏற்றப்படுகின்றது. தாய்ப்பாலில் தமிழர் பெருமை கொள்வதில் தவறில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் 82 விழுக்காட்டினர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். செல்வந்த நாடுகள் பல வெட்கப்பட வேண்டிய எண் அது. ஆயின் இப்பெருமையின் நிழலில் போத்தல் என்பது தாய்மையின் தோல்விச் சின்னமாகிவிட்டது. அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தையின் தாய் தன் பாலைக் கறந்து தனிவகைப் போத்தலில் ஊட்டும்போது, அக்குழந்தை குடிப்பதும் தாய்ப்பாலே என்பதை விருந்தினர் உணர்வதில்லை. அவள் போத்தலை மறைத்து அறைக்குள் சென்று ஊட்டுகிறாள். அறைக்குள் தனித்திருப்பவளுக்கு உதவ யாராலும் முடியாது.

இத்தனைக்கும் போத்தலுக்கு மாற்று வழி அறியாத இனமன்று தமிழினம். சங்கும் பாலாடையும் எதற்காக இருந்தன? உறிஞ்ச வலுவற்ற குழந்தைக்குச் சிறுகச் சிறுகப் புகட்டுவதற்கே. தென்னிந்திய மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடையால் ஊட்டும் வழக்கம் உண்டு. ஆனால் அதன் நுட்பம், விழித்திருக்கும் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பை உதட்டில் வைத்து, அது விழுங்கிய பின்னரே அடுத்த துளியைத் தருவதில் இருந்தது. மல்லாந்து கிடக்கும் குழந்தையின் வாயில் சங்கைக் கவிழ்ப்பது அந்த மரபன்று, அந்த மரபின் சிதைவு.

உண்மையான உதவி எத்தகையது

மேலை நாடுகளில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பதவிப் பெயரிலேயே முதற் குழப்பம் தொடங்குகின்றது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் அவர்கள் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள். ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளில் லோகோபேடி எனும் துறையினர். வாயும் நாவும் தொண்டையும் பேச்சுக்குரியவை என்பதால் விழுங்குதலும் அவர்களுடைய துறைக்குள் வந்தது. இதனை அறியாத பெற்றோரின் கையில் மருத்துவமனைக் கடிதம் கிடைத்தால், “இரண்டு மாதப் பிள்ளைக்குப் பேச்சு வைத்தியமோ?” என்று சிரித்துவிட்டுக் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள். வேறு சிலர், பிள்ளை ஊமையாகிவிடும் என்று மருத்துவர் மறைமுகமாகச் சொல்கிறார் என அஞ்சி அழுகிறார்கள். இரு வீடுகளிலும் குறித்த நாள் கடந்து போய்விடும். அடுத்த நாள் கிடைக்கப் பல வாரங்கள் ஆகும்.

அச்சிகிச்சையாளர் செய்வது மந்திரமன்று. குழந்தை குடிப்பதைப் பொறுமையாகப் பார்ப்பார். மடியில் மல்லாத்தி வைப்பதற்குப் பதிலாக, தலை சற்றே உயர்ந்திருக்க, காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் வர, பக்கவாட்டில் சரித்துப் பிடிக்கச் சொல்லித் தரலாம். இந்நிலையில் பால் தொண்டையின் அடிக்கு ஒரேயடியாகப் பாய்வதில்லை. மிகுந்தது கன்னத்தின் வழியே வெளியே வழிந்துவிடும். போத்தலை ஏறத்தாழக் கிடையாகப் பிடித்து, சில உறிஞ்சல்களுக்கு ஒரு தடவை சாய்த்துப் பாலை நிறுத்தி, மூச்செடுக்க இடைவெளி கொடுக்கும் முறையைக் காட்டலாம். முப்பது நிமிடத்துக்கு மேல் இழுபடும் ஊட்டலில் குழந்தை பெறும் சக்தியைவிடச் செலவிடும் சக்தி கூடிவிடக்கூடும் என்பதையும் விளக்குவார். எத்தனை மில்லி லீற்றர் என்று மட்டுமே கணக்குப் பார்த்துப் பழகிய வீட்டுக்கு இது புதுக் கணக்கு.

ஆயினும் கண்ணால் பார்ப்பது எப்போதும் போதாது. சில குழந்தைகள் பால் மூச்சுக்குழாய்க்குள் சென்றாலும் இருமுவதேயில்லை. ஓசையற்ற புரையேற்றம் இது. வெளியே அமைதி, உள்ளே நுரையீரல் நனைகின்றது. அடிக்கடி வரும் நெஞ்சுச் சளியும் காரணமறியாக் காய்ச்சலும் நிறை ஏறாமையும் மட்டுமே தடயங்கள். கதிர்ப்படக் கருவியின் முன் குழந்தையை இருத்தி, படத்தில் தெரியும் பொருளைப் பாலிற் கலந்து கொடுத்து, விழுங்குவதை ஓடும் படமாகப் பார்த்தால் உண்மை வெளிப்படும். அவ்வாறு வெளிப்பட்ட பின் சில காலத்துக்கு மூக்குவழிக் குழாயால் ஊட்ட நேரலாம். குழாயைக் கண்டதும் “பிள்ளையைச் சாகக் கிடக்கிற நோயாளி ஆக்கிப்போட்டாங்கள்” என்று ஒப்பாரி வைப்பவர்கள் உணர வேண்டியது ஒன்று: அக்குழாய் நுரையீரலுக்கு ஓய்வையும் உடலுக்கு வளர்ச்சியையும் வாங்கித் தருகின்றது. பல குழந்தைகள் வலுப்பெற்றதும் குழாயை விட்டுவிடுகிறார்கள்.

உடனடி ஆபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊட்டும்போது குழந்தை நீலம் பாரித்தால் சூப்பியை உடனே வாயிலிருந்து எடுக்க வேண்டும். இருமவும் அழவும் முடியாது மூச்சு அடைபட்டால், முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து தடவை வரை தட்ட வேண்டும். அவசர எண்ணையும் அழைக்க வேண்டும். கைக்குழந்தைக்கான முதலுதவிப் பயிற்சி பல ஊர்களில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உச்சியில் தட்டுவது அந்தப் பயிற்சியில் இல்லை.

மறைக்காத தாய் ஒருவர் என்ன சாதிக்கலாம் என்பதற்குச் சான்று பிரித்தானியாவைச் சேர்ந்த மாண்டி ஹேபர்மன். 1980இல் பிறந்த அவருடைய மகள் ஸ்ரிக்லர் நோய்க்குறியின் விளைவாகப் பாலை உறிஞ்ச இயலாதிருந்தாள். கடைகளிற் கிடைத்த போத்தல்கள் எவையும் உதவவில்லை. அத்தாய் தாமே முயன்று, குழந்தை உறிஞ்சாமல் ஈறால் மெல்ல அழுத்தினாலே பால் வரும் வகையில், திரும்பிச் செல்லாத அடைப்பானும் நீண்ட சூப்பியும் கொண்ட போத்தலை உருவாக்கினார். அவருடைய பெயராலேயே ஹேபர்மன் போத்தல் என அறியப்பட்ட அது அண்ணப்பிளவுள்ள குழந்தைகளுக்கு உலகெங்கும் பயன்பட்டது. அவர் தம் மகளை விருந்தினர் கண்ணிலிருந்து மறைத்திருந்தால் அந்தப் போத்தல் பிறந்திராது.

மருத்துவமனையின் பங்கு

குற்றம் முழுவதையும் குடும்பத்தின் மீது சுமத்திவிட்டு மருத்துவமனைகள் தப்பிக்கொள்ளவும் இடமில்லை. பத்து வயது அக்காளைப் பாடசாலையிலிருந்து மறித்து மொழிபெயர்க்க அழைத்து வருவதும், அதனைக் கண்டும் காணாமலும் மருத்துவர் தம் உரையைத் தொடர்வதும் எத்தனை நகரங்களில் நடக்கும் காட்சி! மருத்துவர் ‘அஸ்பிரேஷன்’ என்கிறார். பால் மூச்சுவழிக்குட் சென்றது என்பது பொருள். அகராதி அறிந்த கெட்டிக்காரப் பிள்ளை, “தம்பிக்கு இலட்சியம் இருக்குதாம்” என்று சொன்னாலும் வியப்பதற்கில்லை. அச்சொல்லுக்குப் பாடசாலையில் கற்பித்த பொருள் அதுதான். ‘பெயிலியர் ரு த்ரைவ்’ என்ற தொடரைத் தாய் கேட்கிறாள். மொழிபெயர்ப்பே தேவையில்லை, பெயில் என்ற சொல் அவளுக்குத் தெரியும். நிறை ஏறாமையைக் குறித்த அத்தொடரின் சுடுசொல்லை உணர்ந்துதான் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டலில் ‘தளரும் வளர்ச்சி’ என்ற பொருள்தரும் சொல்லைப் பயன்படுத்தியது. ஆங்கிலம் பேசுவோரின் மனம் புண்படாதிருக்க ஒரு சொல்லை மாற்றலாமெனில், தமிழ் பேசும் தாய்க்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைக்கக் கூடாதா?

தம்பியின் உயிராபத்தைத் தாய்க்குத் தன் வாயால் சொல்ல நேரும் அந்தச் சிறுமியை எவராவது நினைத்ததுண்டா? பிழையாகச் சொன்னதால் தம்பிக்கு ஏதேனும் நேர்ந்தால், அப்பாரத்தை அவள் எத்தனை ஆண்டுகள் சுமப்பாள்? புலம்பெயர் இளையோர் பலர் தம் பெற்றோருக்காக வங்கியிலும் குடிவரவு அலுவலகத்திலும் மொழிபெயர்த்தே வளர்ந்தவர்கள். அது குடும்பப் பொறுப்பாகப் போற்றப்படுகின்றது. ஆனால் மருத்துவ அறை வேறு.

நோர்வேயில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம் பொதுத்துறை நிறுவனங்கள் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்த வேண்டுமென்று கடமை விதித்தது. குழந்தைகளை அப்பணிக்குப் பயன்படுத்துவதையும் தடுக்கின்றது. இங்கிலாந்தின் ஆரம்ப மருத்துவ சேவைகளுக்கென 2018இல் வெளியான வழிகாட்டல் உறவினரையும் நண்பரையும் நம்பியிருப்பதை வன்மையாகத் தவிர்க்கச் சொன்னது. கனடாவில் உச்ச நீதிமன்றம் 1997இல் வழங்கிய எல்ட்ரிஜ் தீர்ப்பு ஒவ்வொரு தமிழ்ப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியது. அவ்வழக்கைத் தொடுத்தோருள் செவிப்புலனற்ற தாய் ஒருவரும் இருந்தார். குறைமாதத்தில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றபோது அவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் எவருமில்லை. குழந்தைகள் உடனே எடுத்துச் செல்லப்பட்டனர். நலமாயிருக்கின்றனர் என்ற குறிப்பை எழுதிக் காட்டியதைத் தவிர அவர்களுடைய நிலையை எவரும் அவருக்கு விளக்கவில்லை. மருத்துவம் கிடைத்தும் அதன் மொழி கிடைக்காவிட்டால் அது சமத்துவமன்று என்ற அடிப்படையில் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு செவிப்புலனற்றோருக்குரியது, தமிழ் பேசுவோருக்கு அது தானாக எந்த உரிமையையும் தந்துவிடவில்லை. ஆனால் அதனைப் பெறுவதற்காக அவர்கள் ஒன்றுகூடினார்கள், வழக்காடினார்கள், கீழ் நீதிமன்றங்களில் தோற்றும் விடவில்லை.

தமிழ் அமைப்புகள் எதற்காக ஒன்றுகூடுகின்றன? தேருக்கும் தீர்த்தத்துக்கும், ஊர்ச்சங்க ஒன்றுகூடலுக்கும், பட்டிமன்றத்துக்கும். அவை வேண்டாமென்பதன்று. ஓர் ஊர்ச்சங்க இரவு விருந்தின் மண்டப வாடகையில், குழந்தைக்குப் பால் புகட்டும் முறையை எளிய தமிழில் விளக்கும் கையேடு ஒன்றையும் குறும்படம் ஒன்றையும் உருவாக்கலாம். எத்தனை சங்கங்கள் அருகிலுள்ள மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு அவ்வாறான ஒன்றைக் கொடுத்திருக்கின்றன? மருத்துவராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் பிள்ளைகளைத் தள்ளும் பெற்றோர் எத்தனை பேர் பேச்சு மொழிச் சிகிச்சைத் துறையின் பெயரையாவது வீட்டில் உச்சரித்திருக்கிறார்கள்? இலங்கையில் அத்துறைக்கான பல்கலைக்கழகப் பயிற்சியே களனியில் 1990களின் பிற்பகுதியில்தான் தொடங்கியது. ஆகவே ஊரிலிருந்து வந்தோர் அதனை அறியாதிருந்தது குற்றமன்று. இங்கேயே பிறந்து, இரு மொழியும் வாய்த்து, இன்ன படிப்பதென்று தெரியாது நிற்கும் இளையோர் அறியாதிருப்பதுதான் பிழை. அம்மம்மாவின் மடியிலிருக்கும் குழந்தையைப் பார்த்து, “அம்மம்மா, கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ” என்று சொல்லக்கூடிய ஒரு சிகிச்சையாளரின் சொல் பத்து ஆங்கிலப் பிரசுரங்களைவிடக் கூடுதலாக எடுபடும்.

தந்தையரும் இதில் விலக்கல்லர். இரவு வேலை முடிந்து வரும் கணவன் போத்தலைக் கையில் எடுப்பது இன்னும் பல வீடுகளில் ‘உதவி’ என்றே பெயர் பெறுகின்றது. சிகிச்சையாளர் காட்டும் முறையைத் தாய் மட்டும் கற்று, மற்றவர்கள் பழையபடி ஊட்டினால் அம்முறை இரண்டு நாள்கூட நிலைக்காது. சந்திப்புக்கு இருவரும் செல்ல வேண்டும். இயன்றால் அம்மம்மாவையும் அழைத்துச் செல்ல வேண்டும். கதிர்ப்படத் திரையில் பால் தவறான வழியிற் செல்வதைத் தம் கண்ணாற் கண்ட பாட்டி அதன் பின் றஸ்க் பெட்டியைத் தேடமாட்டாள்.

செல்லுமுன் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றுண்டு. மருத்துவமனைப் பதிவேட்டில் குடும்பத்தின் மொழி எது, மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று இரு கட்டங்கள் இருப்பது வழக்கம். மகப்பேற்றுக்காக முதன்முதல் பதிந்த அன்று, கடையில் நான்கு வார்த்தை ஆங்கிலம் பேசிப் பழகிய கணவன், தாதி கேட்டது முழுவதும் விளங்காமலேயே, கௌரவத்துக்காக “யெஸ், யெஸ், இங்கிலீஷ் ஓகே” என்று சொல்லியிருப்பான். அந்தப் பதிலே குழந்தையின் கோப்பிலும் ஏறி, ஒவ்வொரு சந்திப்புக்கும் தொடர்ந்து வருகின்றது. சந்திப்புக் கடிதத்தின் தலைப்பில் உள்ள எண்ணை அழைத்து, “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், கோப்பில் எழுதுங்கள்” என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த அழைப்பை மட்டும் அக்காள் எடுக்கலாம்.